கூட்டு முயற்சி: பங்கு பிரிப்பதா, கலந்து செய்வதா?

நடுவர் ஐயாவுக்கும், இந்தத் திருகோணமலைப் புழுக்கத்தில் எங்கள் சண்டையைக் கேட்க வந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

கூட்டு முயற்சி என்றால் வேலையைச் சரியாகப் பங்கு பிரிப்பதுதான் என்று எதிரணித் தம்பி கதைத்துவிட்டுப் போனார். சாட்சிக்கு எங்கள் எண்ணெய்த் தாங்கிகளையே இழுத்தார். அவற்றைப் பிரித்த 2022 ஜனவரி ஒப்பந்தம். மொத்தம் 99 தாங்கிகள். இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கிளையான லங்கா ஐஓசிக்கு 14, இலங்கை அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவரின் கூட்டு நிறுவனத்துக்கு 61. கணக்குச் சரி. ஆனால் தம்பி, 14ஐயும் 24ஐயும் அவரவர் தனியாக வைத்துக்கொண்டார்கள். சேர்ந்து நடத்த எடுத்த 61க்குத்தானே கூட்டு என்ற பெயர்? உங்கள் சாட்சி எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பங்கு பிரித்த கதை என்னிடமும் இருக்கிறது. படிக்கிற காலத்தில் ஆறு பேர் ஒரு கையெழுத்துச் சஞ்சிகை போட்டோம். ஆளுக்கு நான்கு பக்கம். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை. தைத்து முடித்த பிறகு புரட்டினால், கன்னியா வெந்நீரூற்றுப் பற்றி இரண்டு கட்டுரை. ஒன்றில் ஏழு கிணறு, மற்றதில் ஆறு. (ஆறு என்று எழுதியது யார் என்று கேட்காதீர்கள்.)

இனி நிலாவெளிக் கரைக்கு வாருங்கள். கரைவலை விடும் தோணி, கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டு, கடலுக்குள் அரைவட்டமாக வலையைப் போட்டு, மறு நுனியோடு தள்ளி ஓரிடத்தில் கரையேறும். இரண்டு கயிற்றுக்கும் இரண்டு வரிசை ஆட்கள். பங்கு பிரித்தாயிற்று, இல்லையா? 'என் கயிறு முடிந்தது' என்று ஒரு வரிசை முந்தி இழுத்தால், மீன் சேரும் பையான மடி கோணும், மீன் போய்விடும். அதனால் வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டுக்கு எல்லாக் கையும் ஒன்றாக எழுகிறது. ஒருவர் தண்ணீரில் நின்று மடியைப் பார்த்துச் சத்தம் போட, இந்தப் பக்கம் தளர்த்தும், அந்தப் பக்கம் இறுக்கும். தூரத்தில் தொடங்கிய இரண்டு வரிசையும் இழுக்க இழுக்க நகர்ந்து, கடைசியில் தோளோடு தோள் முட்டி நிற்கும். மற்றவன் செய்வதைப் பார்த்து என் பிடியை மாற்றுகிறேனே, அதைத்தான் ஐயா, நாங்கள் கூட்டு என்கிறோம்.

"பிறகு வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் இழுத்தவர்களுக்கும் பங்கு பிரிக்கிறார்களே" என்று தம்பி எழும்புவார், தெரியும். பிரிக்கட்டும், மடி கரைக்கு வந்த பிறகுதானே! அதற்கு முதல், அந்தக் குவியலில் எந்தச் சூடை மீன் எந்தக் கயிற்றுக்கு வந்தது என்று அவர் பொறுக்கிக் காட்டட்டும். மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, இறங்குகிறேன்.