சர்க்கரையில் எந்த வகை, ஸ்ட்ரிப்புக்கு யார் காசு?

நேயர்களுக்கு வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக்கடை நடத்துகிறேன். சுகர் மெஷின் வாங்க வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "இதுக்கு இன்ஷூரன்ஸ்ல காசு தருவாங்களா?"

பெரும்பாலும் தரமாட்டார்கள். நம் மருத்துவக் காப்பீடுகள் முக்கியமாக ஆஸ்பத்திரியில் படுத்தால் ஆகும் செலவுக்குத்தான். இங்கே முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும், புதுச்சேரியில் ஆயுஷ்மான் அட்டையும் அப்படியே. வீட்டில் விரலைக் குத்திப் பார்க்க ஆகும் செலவு கைக்காசு. 2025 செப்டம்பரில், ரத்தத்தைத் தொட்டு மெஷினில் சொருகும் பட்டையான ஸ்ட்ரிப்புக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது, கொஞ்சம் ஆறுதல். அந்தக் காசை யார் எவ்வளவு செலவழிக்க வேண்டும் என்பது உங்களுக்கு வந்திருப்பது எந்த வகை என்பதைப் பொறுத்தது.

டைப் 1 என்பது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவது. பெரும்பாலும் சிறு வயதில் வரும். பிள்ளை அடிக்கடி ஒன்றுக்குப் போகிறது, தண்ணீர் தண்ணீர் என்கிறது, இளைத்துக்கொண்டே போகிறது என்றால் அன்றைக்கே ரத்தம் பார்த்துவிடுங்கள். இவர்கள் இன்சுலினை ஒரு நாளும் விடக் கூடாது. தினம் நான்கு முறையாவது சர்க்கரை பார்க்க வேண்டும். ஸ்ட்ரிப் 20 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 2,400 ரூபாய். அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் சர்க்கரை எவ்வளவு என்று தெரியாமல் எத்தனை யூனிட் போடுவது? இந்தக் குழந்தைகளுக்கு ஸ்ட்ரிப்பும் மருந்துதான். அதைக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம்மில் மிகப் பலருக்கு இருப்பது டைப் 2. இன்சுலின் சுரந்தாலும் உடம்பு அதைச் சரியாக ஏற்காது, போகப்போகச் சுரப்பும் குறையும். 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வில் புதுச்சேரியில் பெரியவர்களில் நூற்றுக்கு 26 பேருக்குச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டு, சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர் பொதுவாகத் தினமும் விரலைக் குத்த வேண்டியதில்லை. டாக்டர் சொல்லும் இடைவெளியில் மூன்று மாதச் சராசரி பார்க்கும் ஹெச்பிஏ1சி போதும். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுப்பவரும் இன்சுலின் போடுபவரும் வேறு. அவர்களுக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கலாம். கை நடுங்கி வியர்த்தால் உடனே பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்சுலின் போடத் தொடங்கியதால் டைப் 2, டைப் 1 ஆகிவிடாது. கர்ப்பகாலச் சர்க்கரைக்கு வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் பார்க்க வேண்டும்.

காசு போட்டு வாங்கும் ஸ்ட்ரிப் வீணாகக் கூடாது. நம்முடையது ஈரமான கடலோரக் காற்று, பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும். எடுத்ததும் டப்பியை இறுக்கி மூடுங்கள். பண்ருட்டிப் பலாச்சுளை உரித்த கையோடு குத்தினால் மெஷின் கூடுதலாகக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

தனியார் பாலிசி எடுக்கும்போது சர்க்கரை இருப்பதை மறைக்காதீர்கள். முன்பே இருந்த நோய்க்குக் காசு தராத காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் மூன்று வருடம்தான், முன்பு நான்கு. சொல்லிவிட்டு எடுத்தால் காத்திருந்தால் போதும். மறைத்தது தெரிந்தால் க்ளெய்மே போகலாம்.

இன்னொன்றும் உண்டு. அட்மிஷன் நேரத்தில் "எத்தனை வருஷமா சுகர்?" என்று கேட்பார்கள். கூட வந்தவர் பதற்றத்தில் "பத்து வருஷம் இருக்கும் சார்" என்று சொல்லிவிடுவார். அது அப்படியே கேஸ் ஷீட்டிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஏறும். உண்மையில் பாலிசி எடுத்த பிறகு வந்து நான்கு வருடம்தான் என்றால், பாலிசிக்கு முன்பே இருந்ததை மறைத்தீர்கள் என்று வாதாட அந்த ஒரு வரி போதும். முதன்முதலில் சர்க்கரை கண்டுபிடித்த லேப் ரிப்போர்ட்டைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். அதன் நகல் பாலிசியோடு இருக்கட்டும். கூட வரக்கூடிய பிள்ளைகளுக்கும் அந்த வருடத்தைச் சொல்லி வையுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது வகையும் வருடமும் சரியாக எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். தவறிருந்தால் அங்கேயே டாக்டரிடம் ஆதாரத்தைக் காட்டித் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.