அரை, கால், அரைக்கால், வீசம்

நேயர்களுக்கு வணக்கம்.

மீன் குழம்பு கொதித்து அடங்கும்போது மேலே செக்கச்செவேலென்று எண்ணெய் மிதக்குமே, பார்த்திருப்பீர்கள். நல்லெண்ணெய்க்கு அந்த நிறம் கிடையாது. மிளகாய்த்தூளைக் கரைத்ததோ புளித்தண்ணீரில். பிறகு எண்ணெய் எப்படிச் சிவந்தது? மிளகாயின் நிறம் எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். கொதிக்கிற கொதியில் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. வேதியியலில் இதைக் கரைப்பான் கொண்டு சாறு இறக்குதல் என்கிறோம். முப்பது வருஷம் இந்தக் குழம்பை வைத்தே பாடம் நடத்தினேன். மதிய உணவுக்கு முந்தைய பீரியடில் மட்டும் சொல்லக்கூடாது, ஒருத்தனும் கவனிக்க மாட்டான்.

தண்ணீரும், ஈதர் என்ற கரைப்பானும் ஒன்றோடொன்று கலக்காது. இரண்டிலும் கரையும் பொருளைப் போட்டுக் குலுக்கினால், ஈதரில் உள்ள செறிவு தண்ணீரில் உள்ளதைப்போல் இத்தனை மடங்கு என்று ஒரு கணக்கில் வந்து நிற்கும். அந்த மடங்குதான் பங்கீட்டுக் கெழு. 1891இல் நெர்ன்ஸ்ட் என்ற ஜெர்மானியர் வகுத்த விதி.

தாள், பேனா வேண்டாம்; மனக்கணக்கே போதும். 100 மில்லி தண்ணீரில் 1 கிராம் பொருள். கெழு 4. கையில் 100 மில்லி ஈதர். மொத்தத்தையும் ஒரே தடவையில் ஊற்றினால், ஐந்து பங்கில் நாலு ஈதருக்குப் போகும். தண்ணீரில் 200 மில்லிகிராம் தங்கிவிடும்.

அதே ஈதரை 25, 25 மில்லியாக நாலு தடவை ஊற்றுங்கள்; ஒவ்வொரு தடவையும் குலுக்கி, அந்த ஈதரைப் பிரித்தெடுத்த பிறகே அடுத்ததை ஊற்ற வேண்டும். செறிவு நாலு மடங்கு, அளவு கால்வாசி. ஆகவே ஒவ்வொரு தடவையும் சரிபாதி வெளியேறும். மிச்சம் அரை, கால், அரைக்கால், வீசம். வீசம் என்றால் பதினாறில் ஒன்று, சுமார் 62 மில்லிகிராம். கவனியுங்கள், ஈதர் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை! என் அம்மா துணி அலசும்போது ஒரு குடத்துத் தண்ணீரை மூன்றாகப் பிரித்துத்தான் ஊற்றுவார். நெர்ன்ஸ்டை அவருக்குத் தெரியாது.

அதற்காகப் பிரித்துக்கொண்டே போகவும் வேண்டாம். இந்தக் கணக்கில் ஆயிரம் தடவையாகப் பிரித்தாலும் மிச்சம் 18 மில்லிகிராமுக்குக் கீழே இறங்காது. நாலைந்து தடவைக்கு மேல் கைவலிதான் மிச்சம்.

கைவலி என்றதும் ஞாபகம் வருகிறது. எம்.எஸ்சி. படிக்கும்போது பிரிபுனலில், அதாவது கலக்காத திரவங்களைக் குலுக்கி அடியில் திறந்து பிரிக்கிற கண்ணாடிப் புனலில், கீழே நிற்பது தண்ணீர்தான் என்று நினைத்துத் தொட்டியில் திறந்துவிட்டேன். ஈதர் மேலே மிதக்கும், சரி. அன்று நான் ஊற்றியிருந்ததோ குளோரோஃபார்ம்! அது தண்ணீரைவிடக் கனம், அடியில்தான் நிற்கும். மூன்று வார உழைப்பு சாக்கடைக்குப் போயிற்று. பக்கத்தில் நின்ற நண்பன் குனிந்து தொட்டியைப் பார்த்துவிட்டு, "நல்ல மகசூல்" என்றான். அன்றிலிருந்து, வேலை முடியும்வரை எந்த அடுக்கையும் நான் கொட்டியதில்லை. என் மாணவர்களையும் கொட்ட விட்டதில்லை.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டே நிமிஷம்தானாம். இதே முறையில் பென்சிலினைப் பிரித்தெடுத்த கதையை விரிவாகச் சொல்லத்தான் வந்தேன். 1940 வாக்கில் ஆக்ஸ்போர்டில் நார்மன் ஹீட்லி என்ற விஞ்ஞானி, பூஞ்சை வளர்ந்த நீரை அமிலமாக்கி, பென்சிலினைக் கரைப்பானுக்கு இழுத்தார். பிறகு அமிலத்தன்மை இல்லாத நீரோடு குலுக்கித் திரும்பவும் நீருக்கே கொண்டுவந்தார். அமிலநிலை மாறினால் பங்கீடே தலைகீழாகிவிடும். பென்சாயிக் அமிலம் பென்சீனில் இரண்டிரண்டாகக் கைகோத்துக்கொண்டு நம் கணக்கையே பொய்யாக்கும் கதையும் இருக்கிறது, அதற்கு இன்று நேரமில்லை. வணக்கம்.