கத்தி வேண்டாம் என்றால்: தோல் புற்றுநோயும் கதிர்வீச்சும்

(சிங்கப்பூர்ச் சமூக மன்றம் ஒன்றில் தமிழ் மூத்தோருக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா சந்தைக்குப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், அதற்கே நன்றி சொல்ல வேண்டும். பின்வரிசையில் கேட்கிறதா? சரி.

நான் மருத்துவர் இல்லை. ஊரில் 'கரண்ட் வைப்பது' என்பார்களே, அந்தக் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் இயந்திரத்தை இயக்கி ஓய்வு பெற்றவள். நோயாளியைப் படுக்க வைத்து, அளவெடுத்து, 'அசையாதீங்க ஐயா' என்று சொல்லிவிட்டுக் கதவை மூடுகிற வேலை. அதனால் இன்று நான் சொல்வதில் எதையும் உங்கள் மருத்துவரின் பேச்சுக்கு மேலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளப் பயன்பட்டால் போதும்.

வாட்ஸ்அப்பில் ஒரு வகை வீடியோ வருகிறது. வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவரின் மூக்கில் சின்னப் புண். ஒரு சின்ன இயந்திரத்தை வைக்கிறார்கள், சில நிமிடம், வலியில்லை, தையல் இல்லை, தழும்பு இல்லை, புற்றுநோய் போச்சு. 'இது நிஜமா அக்கா?' என்று பலர் எனக்கு அனுப்புகிறார்கள். பெரும்பாலும் நிஜம்தான். ஆனால் அந்த வீடியோ அந்த மூக்குக்காக எடுத்தது. நம் தோலில் வருகிற புற்றுநோய்க்குக் கணக்கு கொஞ்சம் வேறு.

தோல் புற்றுநோயில் அடிக்கடி காதில் விழுவது மூன்று. பேசல் செல் கார்சினோமா, ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, மெலனோமா. முதலாவதுதான் அதிகம் பேருக்கு வருவது. மெதுவாக வளரும், உடலின் வேறு பகுதிக்குப் பரவுவது மிக அபூர்வம். ஆனால் விட்டுவைத்தால் மூக்கையும் கண்ணிமையையும் அரித்துக்கொண்டே போகும். இரண்டாவது சற்று வேகமானது, சிலருக்கு நிணநீர்க் கட்டிகளுக்குப் பரவும். மூன்றாவது ஆபத்தானது, குறைவாகவே வருவது. சிங்கப்பூரில் ஆண், பெண் இருபாலரிடமும் அதிகம் காணப்படும் பத்துப் புற்றுநோய்களில் தோல் புற்றுநோயும் ஒன்று. சீனர்களிடம் அதிகம், மலாய்க்காரர்களிடமும் இந்தியர்களான நம்மிடமும் குறைவு.

குறைவு என்பதால் நாம் ஏமாந்துபோகிறோம். 'நம்ம கறுப்புத் தோலுக்கு அதெல்லாம் வராது' என்று சொல்லிச் சொல்லியே ஆறு மாதம், ஒரு வருடம் தள்ளிப் போட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நமக்கு வருகிற பேசல் செல் புற்று பெரும்பாலும் கறுத்து, மினுமினுப்பாக இருக்கும். மச்சம் என்றே நினைப்போம். ஸ்குவாமஸ் செல் புற்று நமக்கு வெயில் படாத இடத்திலும் வரும்: பழைய தீக்காயத் தழும்பில், வருடக்கணக்கில் ஆறாத கால் புண்ணில். 1945-இல் பம்பாயில் கனோல்கர், சூரியாபாய் என்ற இரு ஆய்வாளர்கள் 'வேட்டிப் புற்றுநோய்' என்ற ஒன்றை எழுதி வைத்தார்கள். இடுப்பில் வேட்டியை ஒரே இடத்தில் இறுக்கி இறுக்கிக் கட்டி, அங்கே தோல் நிறம் மாறி, தடித்து, புண்ணாகி, பல ஆண்டுகளுக்குப் பிறகு புற்றாக மாறுவது. சேலை கட்டும் பெண்களிடமும் பிற்பாடு பார்த்திருக்கிறார்கள். மெலனோமாவும் நமக்கு உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தடியில் வரும். ஜமைக்காப் பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில்தான் வந்தது. 1981-இல், 36 வயதில் போய்விட்டார்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், இந்த இடங்கள் பலவும் கதிர்வீச்சுக்குத் தோதானவை அல்ல. முழங்காலுக்குக் கீழே ரத்த ஓட்டம் குறைவு. அங்கே கதிர்வீச்சு கொடுத்தால் புண் ஆற மாதக்கணக்காகும், சர்க்கரை நோயும் இருந்தால் ஆறாமலே போகலாம். பழைய தழும்பில் வந்த புற்றுக்கும் அறுவை சிகிச்சைதான் முதலில். உள்ளங்கால் மெலனோமாவுக்கும் அப்படியே. ஆக, நம்மில் கதிர்வீச்சு யாருக்கு நன்றாகப் பொருந்தும்? முகத்தில், மூக்கு நுனியில், காதருகில், கீழ் இமையில் பேசல் செல் அல்லது ஸ்குவாமஸ் செல் புற்று வந்த வயதானவர்களுக்கு. அவர்களுக்கு இது உண்மையிலேயே அருமையான வழி.

புதிய கண்டுபிடிப்பு என்று விளம்பரம் செய்வார்கள், நம்ப வேண்டாம். ஜெர்மானிய விஞ்ஞானி ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895-இல். நான்கே ஆண்டுகளில், 1899-இல், ஸ்டாக்ஹோமில் ஷோகிரன், ஸ்டென்பெக் என்ற இரு மருத்துவர்கள் எக்ஸ் கதிரால் தோல் புற்றுநோயைக் குணப்படுத்தினார்கள். ஸ்டென்பெக் சிகிச்சை செய்தது ஒரு பெண்மணியின் மூக்குப் புண்ணுக்கு. நூறு தடவைக்கு மேல், மாதக்கணக்கில். 30 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த அம்மாள் நலமாக இருந்தார். அதே காலத்தில் எக்ஸ் கதிர்க் குழாயைக் கையால் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர்களுக்கும் தொழில்நுட்பர்களுக்கும் விரல்களில் புற்று வந்தது. குணமாக்குவதும் அதுதான், பல ஆண்டு கழித்துப் புற்றை உண்டாக்கக்கூடியதும் அதுதான். வயதைப் பற்றி அப்புறம் பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? கதிர் புற்றுச் செல்லின் மரபணு இழையைச் சிதைக்கிறது. நல்ல செல்லும் அடிபடும். ஆனால் அடுத்த நாளைக்குள் பெருமளவு பழுது பார்த்துக்கொள்ளும். புற்றுச் செல்லுக்கு அந்தத் திறமை குறைவு. அதனால்தான் ஒரே நாளில் மொத்தத்தையும் கொடுக்காமல் தவணை தவணையாகக் கொடுப்பது.

கருவிகளில் சில வகை உண்டு. பழையது, மேலோட்ட எக்ஸ் கதிர். சுமார் 50 முதல் 150 கிலோவோல்ட் வரை இருக்கும். தோலிலேயே பெரும்பகுதி சக்தியை இறக்கிவிடும். வீடியோவில் வருவது இந்த வகைதான். பெரிய மருத்துவமனைகளில் லினாக் என்ற பெரிய கதிர்வீச்சு இயந்திரத்திலிருந்து எலக்ட்ரான் கற்றை கொடுப்பார்கள். அது சில சென்டிமீட்டர் ஆழத்துக்குள் நின்றுவிடும், அடியிலிருக்கும் மூளைக்கும் எலும்புக்கும் அதிகம் போகாது. ஆனால் எலக்ட்ரானிடம் ஒரு கோளாறு: தோலின் மேற்பரப்பில் அளவு சற்றுக் குறைந்து, கொஞ்சம் உள்ளே போய்த்தான் உச்சத்தைத் தொடும். நமக்கோ நோய் மேற்பரப்பிலேயே இருக்கிறது. அதனால் தோலின் மேல் மெழுகோ ஜெல் பட்டையோ வைத்து, கதிர் அதிலே சற்றுப் பயணம் செய்து வரும்படி செய்வோம்.

இந்த இடத்தில்தான் எங்கள் கைவேலை. முகத்துக்கு அச்செடுத்து, கதிரைத் தடுக்கும் ஈயத் தகட்டில் புண்ணின் அளவுக்கும், சுற்றிலும் அரை முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை கூடுதலாகவும் துளை வெட்டுவோம். ரவிக்கைக்குக் கழுத்து வெட்டுவது மாதிரி பொறுமை வேண்டும், ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கண்ணோரம் போய்விடும். இமையில் சிகிச்சை என்றால் சொட்டு மருந்தால் கண்ணை மரக்க வைத்து, கண்ணுக்குள் பெரிய கான்டாக்ட் லென்ஸ் போன்ற ஓர் உலோகக் கவசத்தை நுழைப்போம். அதைப் பார்த்ததும் எல்லாரும் பயப்படுவார்கள். போட்ட பிறகு 'இவ்வளவுதானா' என்பார்கள். மூக்கு என்றால் நாசித் துவாரத்துக்குள் மெழுகு பூசிய ஈயத் துண்டு. கணினி எல்லாம் வந்த பிறகும் தோல் புற்றுக்கு இந்த வேலை முழுதாக ஒழியவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மூன்றாவது பிராக்கிதெரபி. இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளைப் புண்ணின் மேல் பொருத்திய அச்சின் குழாய்களுக்குள் சில நிமிடம் ஓட விடுவது. காது, உச்சந்தலை போன்ற வளைவான இடங்களுக்கு இது நன்றாக உட்காரும். சில நாடுகளில் ரீனியம்-188 கலந்த பசையை மெல்லிய தாளின் மேல் தடவி, ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து எடுத்து, ஒரே தடவையில் முடிக்கிறார்கள். அது இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் சரிப்படும்.

எத்தனை நாள்? திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், நான்கு முதல் ஏழு வாரம் என்பது நெடுநாள் வழக்கம். அழகு முக்கியமான இடத்தில் தவணை அதிகம், ஒவ்வொன்றும் சிறியது. தள்ளாத வயது என்றால் வாரம் ஒன்றிரண்டு தடவையாக ஐந்து தவணையிலேயே முடிப்பதும் உண்டு. இதைக் கட்டாயம் கேளுங்கள். ஜூரோங்கிலிருந்து அவுட்ரம் பார்க் மருத்துவமனைக்குச் சக்கர நாற்காலியில் தினமும் யார் கூட்டிப் போவது? மகன் விடுப்பு எடுக்க முடியுமா, வீட்டுப் பணிப்பெண் மட்டும் போதுமா? இயந்திரத்தின் பெயரைவிட இந்தக் கேள்விதான் பல குடும்பங்களில் முடிவைத் தீர்மானிக்கிறது.

அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டால் எப்படி? இதில் நான் என் துறைக்கு வக்காலத்து வாங்கப் போவதில்லை. பிரான்சில் ஒரு நல்ல ஆய்வு நடந்தது, 1997-இல் வெளியானது. முகத்தில் 4 சென்டிமீட்டருக்குக் குறைவான பேசல் செல் புற்று உள்ள 347 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். நான்கு ஆண்டுகளில் நோய் மீண்டது அறுவை சிகிச்சையில் 0.7 விழுக்காடு, கதிர்வீச்சில் 7.5 விழுக்காடு. தோற்றம் நன்றாக இருந்ததாகச் சொன்னவர்களும் அறுவை சிகிச்சைக் குழுவில்தான் அதிகம்: 87 விழுக்காடு, கதிர்வீச்சில் 69. அங்கே பயன்பட்ட சில முறைகள் இன்று மாறிவிட்டன, அது உண்மை. ஆனாலும், அறுவை சிகிச்சை செய்யக்கூடிய உடல்நிலை இருக்கும் 50 வயதுக்காரர் 'கத்தி என்றால் பயம்' என்ற ஒரே காரணத்துக்காகக் கதிர்வீச்சைத் தேடிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே சமயம் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் வெட்டாமலே குணம் என்பதும் லேசான விஷயம் இல்லை. இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் 82 வயது பாட்டிக்கு, மூக்கின் பாதியை எடுத்து நெற்றித் தோலால் ஒட்டுப் போடுவதா, இதுவா என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இன்னும் ஒன்று. 90 வயதைத் தாண்டி, வேறு நோய்களும் முற்றிய நிலையில், சின்ன பேசல் செல் புற்று ஒன்று தொல்லை தராமல் இருந்தால், ஒன்றும் செய்யாமல் கவனித்து வருவதும் ஒரு வழி. பிள்ளைகளுக்கு இது மனசுக்கு ஒப்பாது. மருத்துவரிடம் கேட்டாவது பாருங்கள்.

கதிர்வீச்சைத் தவிர்க்க வேண்டியவர்களும் உண்டு. இளையவர்கள், பொதுவாக 60 வயதுக்குக் கீழே என்றால் யோசிப்பார்கள். காரணம் நான் முன்பே சொன்னதுதான்: பத்து, இருபது ஆண்டு கழித்து அதே இடத்தில் புதிய புற்று வரலாம். ஒரு காலத்தில் தலையில் வரும் படை என்ற தோல் நோய்க்காகக் குழந்தைகளுக்கு எக்ஸ் கதிர் கொடுத்தார்கள். அவர்களில் பலருக்கு வளர்ந்த பிறகு உச்சந்தலையில் பேசல் செல் புற்று வந்தது. தோல் இறுகிப்போகும் ஸ்க்ளீரோடெர்மா, உடலின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் லூபஸ் ஆகிய நோய்கள் உள்ளவர்கள், கோர்லின் நோய் போன்ற பரம்பரைக் கோளாறு உள்ளவர்கள், அதே இடத்தில் முன்பே கதிர்வீச்சு பெற்றவர்கள் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மறதி நோய் முற்றி, இரண்டு நிமிடம் அசையாமல் படுக்க முடியாதவர்களுக்கும் இது கஷ்டம்.

பக்கவிளைவு. இரண்டாவது வாரத்தில் தோல் சிவக்கும் என்று துண்டறிக்கையில் போட்டிருக்கும். நம் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, கறுப்பு ஏறும். அதனால் சூடு, அரிப்பு, இறுக்கம் என்று எது தோன்றினாலும் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். சிகிச்சை முடியும்போது தோல் உரிந்து, நீர் கசிந்து, பொருக்குக் கட்டும். அந்த நேரத்தில் 'முன்பைவிட மோசமாகிவிட்டதே' என்று தோன்றும். பொதுவாக நான்கு, ஆறு வாரத்தில் ஆறிவிடும். பிறகு வருடக்கணக்கில் அந்த இடம் வெளுத்து, மெலிந்து, சின்ன ரத்தக் குழாய்கள் தெரியலாம். வெளிர்ந்த வட்டம் மாநிறத்திலும் கறுப்பிலும் எடுப்பாகத் தெரியும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தாடி, புருவம் உள்ள இடத்தில் முடி திரும்ப முளைக்காமல் போகலாம். வெயிலிலிருந்து அந்த இடத்தைக் காப்பது ஆயுசுக்கும் வேலை.

போகும் வழி உங்களுக்குத் தெரிந்ததுதான். அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் காட்டி, அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கினால் மானியக் கட்டணம். மெடிசேவ் மருத்துவச் சேமிப்பிலிருந்தும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியிலிருந்தும் வரம்புக்கு உட்பட்டு எடுக்கலாம். பயாப்சி, அதாவது புண்ணிலிருந்து சின்னத் துணுக்கை எடுத்துச் சோதித்து, இன்ன வகை என்று தெரியாமல் யாராவது கதிர்வீச்சுக்கு நாள் குறித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது கேள்விகள். நீல சட்டை அண்ணன் புரோட்டான் சிகிச்சை, அதாவது புரோட்டான் துகள்களால் கொடுக்கும் கதிர்வீச்சு பற்றிக் கேட்கிறார். தேசியப் புற்றுநோய் நிலையத்தில் 2023-இல் தொடங்கியது. அது ஆழத்தில் இருக்கும் கட்டிகளுக்கு, குழந்தைகளுக்கு. மூக்கு நுனிப் புண்ணுக்கு அது தேவைப்படாது.

பேரப்பிள்ளையைத் தூக்கலாமா என்று ஒரு பாட்டி கேட்கிறார். தாராளமாகத் தூக்கலாம் பாட்டி. எக்ஸ் கதிரோ எலக்ட்ரானோ, இயந்திரத்தை நிறுத்தியதும் நின்றுவிடும், உங்கள் உடம்பில் எதுவும் தங்காது.

மஞ்சள் பூசலாமா, சந்தனம் வைக்கலாமா? சிகிச்சை நடக்கும் இடத்தில் இரண்டும் வேண்டாம், எண்ணெயும் பவுடரும் வேண்டாம். நெற்றியில் சிகிச்சை என்றால் திருநீறும் குங்குமமும் அந்த வாரங்களில் அந்த இடத்தில் கூடாது. மருத்துவமனையில் கொடுக்கும் கிரீம் மட்டும். அதையும் சிகிச்சைக்கு முன் கனமாகத் தடவிக்கொண்டு வராதீர்கள். முன்வரிசை அம்மா மூக்குத்தியைத் தொட்டுக் காட்டிக் கேட்கிறார். கழற்றத்தான் வேண்டும் அம்மா, உலோகம் கதிரைச் சிதறடிக்கும். ஐந்தாறு வாரத்தில் துளை தூர்ந்துபோகவும் வாய்ப்பு உண்டு. திரும்பக் குத்த ஆசைப்பட்டால் அந்தப் பக்கம் வேண்டாம், தோல் நன்றாக ஆறிய பிறகு மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மறுபக்கம் குத்திக்கொள்ளுங்கள்.