காசைக் கொட்டியும் கிராஃபிக்ஸ் ஏன் பல்லிளிக்கிறது?

(திரையில்: கப்பல் தளம், மழை, டேவி ஜோன்ஸின் முகம் நெருக்கத்தில்)

டேவி ஜோன்ஸ் என்ற கதாபாத்திரத்தின் இந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன் வரிசையின் இரண்டாவது படம், 2006-இல் வந்தது. தாடி இருக்க வேண்டிய இடத்தில் ஆக்டோபஸ் கைகள் நெளிகின்றன. தோலில் ஈரம் பளபளக்கிறது. கண்ணில் கோபமும் இருக்கிறது, ஒரு பழைய காதல் தோல்வியும் இருக்கிறது. படம் வந்த புதிதில் சில விமர்சகர்களே இதை மேக்கப் என்று நம்பினார்கள். நடித்தவர் பில் நை. புள்ளி புள்ளியாக ஒட்டிய சாம்பல் நிற உடையில், நிஜக் கப்பலில், மற்ற நடிகர்களோடு நின்று நடித்தார். நாம் பார்க்கும் முகம் மொத்தமும், கண் உட்பட, கம்ப்யூட்டரில் செய்தது.

(திரையில்: தி ஃபிளாஷ், மருத்துவமனைக் காட்சி)

இது 2023-இல் வந்த தி ஃபிளாஷ். ஏறக்குறைய 20 கோடி டாலர் செலவு. மாடியிலிருந்து விழும் குழந்தைகள் மெழுகு பொம்மைகள் மாதிரி இருக்கிறார்கள். கதாநாயகனின் பார்வையில் எல்லாம் உருக்குலைந்து தெரிகிறது, அதனால் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தோம் என்றார் இயக்குநர். சரி, நம்பிவிடலாம். ஆனால் தியேட்டரில் யாரும் அப்படி நினைத்து ரசிக்கவில்லை, சிரித்தார்கள்.

இரண்டுக்கும் நடுவில் 17 வருஷம். கம்ப்யூட்டரின் வேகம் எங்கேயோ போய்விட்டது. மென்பொருள் வளர்ந்துவிட்டது. இந்த வேலை தெரிந்தவர்கள் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அப்புறம் ஏன் படங்கள் பின்னால் போகின்றன?

இதற்கு இணையத்தில் சுலபமான பதில் ஒன்று சுற்றுகிறது. கம்ப்யூட்டரில் செய்யும் சிஜியே வேண்டாம், எல்லாவற்றையும் நிஜமாக எடுத்தால் நன்றாக இருக்கும் என்பார்கள். உதாரணத்துக்கு மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு, டாப் கன்: மேவரிக் இரண்டையும் காட்டுவார்கள். முதல் படத்தில் ஏறக்குறைய 2,000 விஎஃப்எக்ஸ் ஷாட்கள், அதாவது விஷுவல் எஃபெக்ட்ஸ் வேலை செய்த ஷாட்கள், இருக்கின்றன. இரண்டாவதில் 2,400. டாம் குரூஸ் படத்தில் நீங்கள் பார்த்த விமானங்களில் பல, பறந்த விமானத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்த டிஜிட்டல் விமானங்கள். விளம்பரத்தில் மட்டும் ‘எல்லாம் நிஜம்’ என்று அடித்துவிட்டார்கள். அந்த ஷாட்களுக்காக ராத்திரி பகலாக உட்கார்ந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நன்றாகச் செய்தால் உங்கள் வேலையே இல்லை என்கிறார்கள், மோசமாக வந்தால் உங்கள் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

ஆக, சிஜியின் அளவு பிரச்சினை இல்லை. எப்போது முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

(திரையில்: ஜுராசிக் பார்க், மழையில் டி-ரெக்ஸ்)

1993. ஜுராசிக் பார்க். டைனோசர்கள் திரையில் வருவது மொத்தமே 15 நிமிடம் போல. அதில் கம்ப்யூட்டரின் பங்கு பாதிகூடக் கிடையாது, மிச்சம் ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்த இயந்திர பொம்மைகள். மழைக் காட்சியில் அந்த ராட்சத டி-ரெக்ஸ் பொம்மையின் ரப்பர் தோல் தண்ணீரைக் குடித்து, எடை கூடி, நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஷாட்டுக்கு ஷாட் துண்டால் துடைத்துக் காயவைத்தார்கள். இவ்வளவு இம்சை இருந்ததால் ஒவ்வொரு ஷாட்டையும் முன்னாலேயே வரைந்து வைத்தாக வேண்டும். எந்தக் கோணம், எவ்வளவு உயரம், வெளிச்சம் எந்தப் பக்கம், எது பொம்மை, எது கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றையும் கேமரா ஓடும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். ஸ்பீல்பெர்க்குக்கு வேறு வழி இருக்கவில்லை.

இன்றைக்கு வழி இருக்கிறது. அதுதான் வினை. ‘போஸ்ட்ல பாத்துக்கலாம்’, அதாவது படப்பிடிப்பு முடிந்த பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற வசனம் கோடம்பாக்கத்திலும் சகஜம், ஆனால் ஹாலிவுட்டில் அது ஒரு தொழில்முறையாகவே ஆகிவிட்டது.

அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம் ஞாபகம் இருக்கிறதா? காலத்தில் பின்னோக்கிப் போகும் முன் எல்லோரும் வெள்ளையும் சிவப்புமாக ஒரு உடை போட்டு வரிசையாக நடந்து வருவார்கள். டிரெய்லரிலேயே கைத்தட்டல் வாங்கிய காட்சி. அந்த உடை ஒன்றுகூட நிஜமில்லை. படப்பிடிப்பு நடந்தபோது உடையின் டிசைனே முடிவாகவில்லை. அதனால் நடிகர்களை ஏதோ ஒரு உடையில் நடக்கவிட்டு, கழுத்துக்குக் கீழே எல்லாவற்றையும் பிறகு கம்ப்யூட்டரில் மாட்டினார்கள். ஃபிரேம்ஸ்டோர் நிறுவனம் அதைப் பிரமாதமாகவே செய்தது, மறுக்கவில்லை. ஆனால் இது டிராகனோ விண்வெளியோ கிடையாது. ஒரு உடை. தையல்காரர் செய்து கொடுத்திருக்க வேண்டிய உடை.

இப்போது வெளிச்சத்துக்கு வருவோம். நம் கண்ணில் உறுத்துவது பெரும்பாலும் இதுதான், நமக்குத்தான் என்னவென்று சொல்லத் தெரிவதில்லை.

(திரையில்: நீலத் திரைக்கு முன் நடிகர், அதே ஷாட் பாலைவனப் பின்னணியோடு)

பின்னணி என்னவென்று முடிவாகாதபோது ஒளிப்பதிவாளர் என்ன செய்வார்? சூரியன் இடதுபக்கமா, வலதுபக்கமா, உச்சி வெயிலா, சாயங்காலமா, எதுவும் தெரியாது. நாளைக்கு இந்த இடம் பனிமலை ஆகலாம், வேற்றுக்கிரகம் ஆகலாம். எனவே எதற்கும் பொருந்துகிற மாதிரி, நாலாபுறமும் ஒரே சீரான, மென்மையான வெளிச்சத்தைப் போட்டு வைப்பார். மூக்கின் நிழல் கன்னத்தில் விழாது. பிறகு பின்னணியில் சுள்ளென்று வெயிலைக் கொண்டுவந்து ஒட்டினால், மனிதர் மட்டும் அந்த வெயிலில் நிற்காமல் எங்கோ தனியாக மிதப்பார். எத்தனை கோடி கொட்டினாலும் இதைச் சரிசெய்வது கடினம், ஏனென்றால் இல்லாத நிழலை முகத்தில் வரைய வேண்டும்.

டேவி ஜோன்ஸ் இன்றும் அசலாக இருப்பது இதனால்தான். நிஜ வெயிலும் நிஜத் தண்ணீரும் அந்த ஷாட்டில் ஏற்கெனவே இருந்தன. கம்ப்யூட்டர் அதைப் பார்த்து நகல் எடுத்தால் போதும். 2021-இல் வந்த டூன் இன்னும் ஒரு படி மேலே போனது. நீலத் திரைக்குப் பதிலாக மணல் நிறத் திரையைக் கட்டினார்கள். நடிகர்மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் பாலைவனத்தின் நிறத்திலேயே இருந்தது, நீலச் சாயம் ஒட்டவில்லை. பின்னால் பாலைவனம்தான் வரப்போகிறது என்று அன்றே தெரிந்தவர்களால்தான் அப்படி ஒரு துணியைக் கட்ட முடியும்.

முடிவைத் தள்ளிப்போடும்போதே ரிலீஸ் தேதி மட்டும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. 2014 அக்டோபரில் மார்வெல் ஒரு மேடை போட்டு 2019 வரைக்குமான படங்களை அறிவித்தது. கதை எழுதும் முன்பே தேதி. 2021-இல் அந்த மார்வெல் உலகத்தில் மட்டும் 4 படங்கள், 5 தொடர்கள். எல்லாம் அதே விஎஃப்எக்ஸ் நிறுவனங்களின் வாசலில்தான் வந்து நின்றன. டிஸ்னியின் தலைவர் பாப் ஐகரே 2023-இல் இதை ஒப்புக்கொண்டார்: தொடர்களையும் சேர்த்து இவ்வளவு அதிகமாக எடுத்ததில் கவனம் சிதறிவிட்டது என்றார்.

கேட்ஸ் (பூனைகள்) படத்தின் கதை இன்னும் வேடிக்கை. 2019 டிசம்பரில் வந்தது. பிரீமியருக்கு முந்தைய நாள் வரை வேலை ஓடியதாக இயக்குநரே சொன்னார். படம் ஓட ஆரம்பித்த பிறகு, கிராஃபிக்ஸைச் சரிசெய்த புதிய பிரதியை ஸ்டூடியோ தியேட்டர்களுக்கு அனுப்பியது. முதல் பிரதியில் பூனையாக வரும் ஜூடி டென்ச்சின் கை மனிதக் கையாகவே இருந்தது, விரலில் மோதிரத்தோடு. இரண்டு மாதம் கழித்து ஆஸ்கர் மேடையில், அதே படத்தில் நடித்த இருவர் பூனை வேஷத்தில் வந்து ‘நல்ல விஷுவல் எஃபெக்ட்ஸின் முக்கியத்துவம் எங்களுக்குத்தான் தெரியும்’ என்று ஜோக் அடித்தார்கள். அரங்கமே சிரித்தது. முடிவெடுத்தவர்கள் சட்டையில் ஒரு பொட்டு சேறுகூடப் படவில்லை.

(திரையில்: ஒரு ஷாட்டின் பல வடிவங்கள், ஒன்றன்பின் ஒன்றாக)

இத்தனை திருத்தங்களுக்கும் காசு யார் கொடுப்பது? இங்கேதான் விஷயம் அசிங்கமாகிறது. ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் ஒரு மொத்தத் தொகை பேசித்தான் வேலையைக் கொடுக்கின்றன. போட்டி அதிகம் என்பதால் நிறுவனங்கள் அடிமாட்டு விலைக்கு ஏலம் கேட்கும். வேலை கிடைத்த பிறகு, வானத்தின் நிறத்தை மாற்று, அந்தச் சண்டையையே மாற்று என்று திருத்தம் வந்துகொண்டே இருக்கும். ஒரு சட்டைக்குக் கூலி பேசிவிட்டு, தைத்து முடித்த பிறகு அதைக் கோட்டாக மாற்றித் தரச் சொல்வது மாதிரி. கூலி மட்டும் அதேதான். மறுத்தால் அடுத்த படம் கிடைக்காது. பெரிய ஸ்டூடியோக்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான், ஒன்றைப் பகைத்துக்கொண்டு தொழிலில் நிற்க முடியாது.

இதன் உச்சம் லைஃப் ஆஃப் பை. பாண்டிச்சேரியில் எடுத்த காட்சிகளோடு தொடங்கும் படம். கடல் காட்சிகள் தைவானில் கட்டிய ஒரு பெரிய தொட்டியில் எடுத்தவை. புலி பெரும்பாலும் கம்ப்யூட்டர் புலி, வானமும் கடலும்கூடப் பல ஷாட்களில் அப்படித்தான். அதைச் செய்த முக்கிய நிறுவனம் ரிதம் அண்ட் ஹ்யூஸ். மும்பையிலும் ஹைதராபாத்திலும் அவர்களுக்குக் கிளைகள் இருந்தன. படம் உலகம் முழுக்க 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2013 பிப்ரவரியில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. இரண்டே வாரத்துக்குள் ஆஸ்கர். பாம்பே ஜெயஸ்ரீ இந்தப் படத்தின் தாலாட்டுக்காகப் பரிந்துரைக்கப்பட்டிருந்த அதே விழா. உள்ளே விஎஃப்எக்ஸ் விருதை வாங்கிய பில் வெஸ்டன்ஹோஃபர், நிறுவனத்தின் நிலைமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது ஜாஸ் படத்தின் சுறா இசை ஏறியது, மைக் அணைந்தது. வெளியே நூற்றுக்கணக்கான விஎஃப்எக்ஸ் கலைஞர்கள் பதாகையோடு நின்றார்கள். சமூக வலைதளங்களில் பலர் தங்கள் படத்தை எடுத்துவிட்டு வெறும் பச்சைக் கட்டத்தை வைத்தார்கள். நாங்கள் இல்லாவிட்டால் நீங்கள் பார்ப்பது இதைத்தான் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு ஏதாவது மாறியதா? சோனிக் படத்தைப் பாருங்கள். 2019-இல் டிரெய்லர் வந்ததும் அந்த முள்ளெலியின் மனிதப் பற்களைப் பார்த்து ஊரே கலாய்த்தது. ரிலீஸைத் தள்ளிப்போட்டு முழுதாக மாற்றினார்கள். நியாயமாகச் சொன்னால் நல்ல முடிவு, படம் 30 கோடி டாலர் தாண்டியது. அந்த வேலையில் பெரும்பங்கு எம்பிசி நிறுவனத்தின் வான்கூவர் கிளையுடையது. படம் வெளிவரும் முன்பே, 2019 டிசம்பரில், அந்தக் கிளையை மூடிவிட்டார்கள். 2025 பிப்ரவரியில் எம்பிசியின் தாய் நிறுவனமான டெக்னிகலர் குழுமமே சரிந்தது. எம்பிசி வேலை செய்த முஃபாசா படம் வெளிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பெங்களூரில் மட்டும் ஆயிரக்கணக்கானவர்கள் திடீரென்று வேலையில்லாமல் நின்றார்கள்.

(திரையில்: ரோட்டோ வேலை, ஒரு நடிகையின் தலைமுடி, ஃபிரேம் ஃபிரேமாக)

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி நம் ஊர்களில் இருக்கிறது. ரோட்டோ என்பார்கள். ஒரு நடிகரைப் பின்னணியிலிருந்து பிரிக்க, அவர் உருவத்தின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட வேண்டும். வினாடிக்கு 24 ஃபிரேம். 5 வினாடி ஷாட் என்றால் 120 ஃபிரேம். காற்றில் முடி பறந்தால் தீர்ந்தது. சென்னை, ஹைதராபாத், மும்பை, பெங்களூர் எங்கும் இதைச் செய்யும் இளைஞர்கள் இருக்கிறார்கள். டூன் படங்களுக்காக ஆஸ்கர் வாங்கிய டிஎன்இஜி நிறுவனத்துக்கே சென்னையில் ஸ்டூடியோ உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் ஒருவர் ‘இந்த ஷாட்டை இரண்டு வினாடி நீட்டலாமே’ என்று சொன்னால், இங்கே ஒருவருக்கு இன்னும் 48 ஃபிரேம். அதே டெட்லைன்.

எதிர்ப்பக்கம் ஒன்று காட்டுகிறேன். காட்ஜில்லா மைனஸ் ஒன், ஜப்பான், 2023. பட்ஜெட் 1.5 கோடி டாலருக்கும் குறைவு. 610 விஎஃப்எக்ஸ் ஷாட்கள், 35 கலைஞர்கள். 2024 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது, தோற்றுப்போன படங்களில் 25 கோடி டாலர் செலவழித்த மார்வெல் படமும் ஒன்று. ஜப்பானில் சம்பளம் ஹாலிவுட் அளவுக்குக் கிடையாது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், அதனால் இதை ரொம்பவும் கொண்டாட எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் ஒரு விஷயம் முக்கியம். கதை எழுதி இயக்கிய டகாஷி யமசாகிதான் விஎஃப்எக்ஸ் மேற்பார்வையாளரும். கலைஞர்கள் வேலை செய்த இடத்திலேயே அவரும் உட்கார்ந்திருந்தார். ஷாட் சரியா இல்லையா என்று சொல்ல அந்த ஒருவர் போதும். நான்கு நாடு, ஆறு நிறுவனம், பத்து தயாரிப்பாளர் வழியாக மின்னஞ்சல் சுற்றி வர வேண்டியதில்லை.

ஹாலிவுட்டில் இது முடியாதா என்றால், முடிகிறது. அதே 2023-இல் வந்த தி கிரியேட்டர் 8 கோடி டாலர் படம். இயக்குநர் கேரத் எட்வர்ட்ஸ் நிஜ இடங்களுக்குப் போய் எடுத்து, எடிட் செய்து முடித்த பிறகுதான் ரோபோக்களையும் கட்டடங்களையும் அதன்மேல் வரையவைத்தார். வெளிச்சம் ஏற்கெனவே ஷாட்டில் இருந்தது, வெட்டி எறியப்போகும் ஷாட்டில் யாரும் உழைக்கவில்லை. பார்க்க அதைவிட மூன்று மடங்கு விலையான படம் மாதிரி இருந்தது. ஆனால் வசூல் சுமார்தான். ஒரு படம் சுமாராக ஓடினால் போதும், அதன் முறையையும் சேர்த்தே கிடப்பில் போட்டுவிடுவார்கள் ஸ்டூடியோக்காரர்கள்.

கடைசியாக ஒன்று. 2023 செப்டம்பரில் மார்வெலின் விஎஃப்எக்ஸ் ஊழியர்கள் தொழிற்சங்கம் வேண்டும் என்று ஒருமனதாக வாக்களித்தார்கள். ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒப்பனை என்று ஹாலிவுட்டின் மற்ற துறைகளுக்குப் பல காலமாக இருந்த உரிமை இது. ஓவர்டைம், ஓய்வு நேரம், மருத்துவக் காப்பீடு எல்லாம் அதன் பிறகு பேசித் தீர்க்க வேண்டிய விஷயங்கள் ஆயின. ஆனால் வாக்களித்தவர்கள் கொஞ்சம் பேர், மார்வெலின் சம்பளப் பட்டியலில் நேரடியாக இருப்பவர்கள். ஷாட்களைச் செய்வது வெளி நிறுவனங்கள். ஒரு திருத்தத்துக்கு இவ்வளவு விலை என்று அந்த நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் எழுதாத வரைக்கும், லாஸ் ஏஞ்சலஸில் மனம் மாறுவது இலவசம். சென்னையில் இரவு ஷிஃப்ட் போடும் ரோட்டோ ஆர்ட்டிஸ்டின் மேஜைக்கு அந்த வாக்குச்சீட்டு வரவில்லை.