நாலு நிறத்தில் தேயிலை மலை

தலைமை தாங்கும் ஆசிரியர் அவர்களுக்கும், சித்திரம் படிக்கும் பிள்ளைகளுக்கும், கூட வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகளை மலை வரையச் சொன்னால் முதலில் திறப்பது பச்சை டியூப்தான். கொழுந்து, முற்றிய இலை, தூரத்து நிழல் மரம் எல்லாவற்றுக்கும் அதே பச்சை. படம் பிளாஸ்டிக் விரிப்புப் போல ஆகிவிடும். இவர்களுக்கு இன்னும் பத்து நிறம் வாங்கிக் கொடுத்துப் பயனில்லை. அந்தப் பச்சையைப் பறியுங்கள்.

எதையாவது தடுத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் எதில் சாய்ந்துகொண்டு வரைகிறாரோ அதைத் தடுத்தால்தான் கை வளரும். குறளைப் பாருங்கள், அதற்கு ஏழே சீர். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளுள் ஒன்றாக இருக்க வேண்டும். தேவையில்லாத சொல்லுக்கு அங்கே இடமில்லை. அப்படியும் பொருளில்லாத அசைச்சொல்லைப் போட்டு இடத்தை நிரப்புகிறவர் உண்டு. விதி அவருக்கு ஒன்றும் கற்றுக்கொடுப்பதில்லை.

போஸ்டர் கலரில் நான்கு மட்டும் எடுங்கள்: யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, கறுப்பு, வெள்ளை. சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்னின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் நிறத் தொகுதி இது. அவர் வேறு நிறங்களும் பாவித்தவர்தான், அது இருக்கட்டும்.

கறுப்பில் நீலச் சாயல் ஒளிந்திருக்கிறது. அதனால் ஓக்கரோடு சேர்ந்தால் மங்கிய பச்சை வரும். எப்போதும் ஓக்கரை முதலில் வைத்து, கறுப்பைத் தீக்குச்சித் தலை அளவாகச் சேர்க்க வேண்டும். மாறிச் செய்தால் தட்டு நிறைய ஓக்கர் கொட்டினாலும் கறுப்பு விட்டுக்கொடுக்காது. கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரித்துவிட்ட மலைக்குச் சிவப்பும் கறுப்பும், கொஞ்சம் ஓக்கரும். தூரத்து முகடுகளில் ஓக்கரைக் குறைத்து வெள்ளையைக் கூட்டினால் பனிமூட்டம் தானாக வந்துவிடும். வெள்ளையை ஆரம்பத்திலேயே எல்லாவற்றிலும் கலப்பதுதான் பெரிய பிழை. படம் முழுக்கச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிவிடும்.

நீலம் எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பலை, துருப்பிடித்த லயக் கூரையின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக் கூரையின் செம்மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் நீலமாகத் தெரியும். பக்கத்து நிறம் ஒரு நிறத்தை மாற்றிக் காட்டும் இந்த விஷயத்தைப் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1839இல் ஒரு நூலாகவே எழுதினார். முழுப் பெட்டியும் கையில் இருக்கும் பிள்ளைக்கு இதைக் கண்டுபிடிக்கும் தேவையே வராது.

இன்னொன்று. போஸ்டர் கலர் காய்ந்தால் மாறும். கடும் நிறம் பெரும்பாலும் வெளுக்கும், வெளிர் நிறம் சற்றுக் கறுக்கும். நம் ஈரக் காற்றில் காய நேரமும் எடுக்கும். அதனால் ஒவ்வொரு கலவையையும் துண்டுத் தாளில் தடவி, காய்ந்த பிறகு பார்த்துவிட்டுப் படத்தில் கை வையுங்கள்.

நேரக் கட்டுப்பாட்டில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பத்து நிமிடம் என்றவுடன் பிள்ளைகள் அதே படத்தை வேகமாகக் கிறுக்குகிறார்கள். தபாலட்டை அளவுத் தாளும் அகலத் தூரிகையும் கொடுத்து, நாற்பது தீட்டலுக்கு மேல் கூடாது என்று சொல்லிப் பாருங்கள். எதை விடுவது என்று யோசித்தே ஆக வேண்டும். அதற்கு முன் பென்சிலால் வெள்ளை, நடுத்தரம், கருமை என்று மூன்றே தொனியில், அதாவது வெளிச்ச அளவில், ஒரு சின்ன மாதிரி. தொனி பிழைத்தால் எந்த நிறமும் படத்தைக் காப்பாற்றாது.

பத்துப் பன்னிரண்டு அட்டை முடிந்ததும் ஐந்தாவதாக அல்ட்ராமரின் நீலம் ஒன்றை மட்டும் கொடுங்கள். எல்லா இடத்திலும் அதையே அப்பினால் திரும்ப வாங்கி வைத்துவிடுங்கள். பழைய சாம்பலையும் விடாமல் கலந்துகொண்டிருந்தால் பச்சை டியூப்பைத் திருப்பிக் கொடுக்கலாம், கலவையைத் திருத்துவதற்கு மட்டும்.