வியட்நாமில் அம்மி நகர்ந்த கதை

(நூலக ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு நாலாம் வகுப்பு எடுத்த, இந்த வயதிலும் குடையை ஊன்றி நடந்து வந்திருக்கும் என் ஆசிரியர் ஐயா அவர்களே, நூலகர் தம்பி, தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம். எனக்குப் போட்ட சால்வையை என் ஆசிரியருக்குப் போர்த்த அனுமதித்தீர்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

வியட்நாம் தலைவர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நாட்டின் விடுதலைத் தலைவர் ஹோ சி மின், அவருடைய படைத்தளபதி ஜெனரல் ஜியாப், அமெரிக்காவுடனான போரை நிறுத்த 1973-இல் செய்த பாரிஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நுயென் தி பின் அம்மையார், 1986-இல் பொருளாதாரக் கதவைத் திறந்த நுயென் வான் லின், இன்றைய தலைவர் தோ லாம் என்று ஐந்து பேரைக் குறித்து வந்திருக்கிறேன். ஐவருக்கும் சேர்த்து என்னிடம் ஒரே பழமொழி: அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

ஜியாப்பிலிருந்து தொடங்குகிறேன். ராணுவக் கல்லூரி வாசலை மிதிக்காதவர். ஹனோயில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்திய வாத்தியார். 1954 ஜனவரியில் தியன் பியன் பூ பள்ளத்தாக்கைச் சுற்றி மலைகளில் அவர் படை, கீழே, வியட்நாமை மீண்டும் பிடிக்க வந்திருந்த பிரெஞ்சுக்காரர்களின் கோட்டை. வேகமாக அடித்து வேகமாக முடிப்பது என்று திட்டம். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள பீரங்கிகளை மனிதர்களே வடம் பிடித்து மலையேற்றிவிட்டார்கள். நாம் தேர் இழுத்தவர்கள், வடம் உள்ளங்கையை என்ன செய்யும் என்று தெரியும். நம் தேருக்கு வீதி உண்டு. அங்கே செங்குத்துச் சரிவு, இருட்டு, ஒவ்வொரு இழுப்புக்கும் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும்.

மறுநாள் தாக்குதல். அன்று ராத்திரி ஜியாப்புக்குத் தூக்கமே இல்லை. தலைவலி தாங்காமல் நெற்றியில் மூலிகை இலை வைத்துக் கட்டியிருக்கிறார். வெற்றி உறுதி என்றால் அடி, இல்லையென்றால் அடிக்காதே என்று ஹோ சி மின் சொல்லி அனுப்பியது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. விடிந்ததும் அந்தக் கட்டோடே சீன ஆலோசகரிடம் பேசுகிறார்: தாக்குதலை நிறுத்துகிறேன், பீரங்கிகளைத் திரும்ப இறக்க வேண்டும். ஏற்றிக் கை காய்த்தவர்களிடம் போய் இதைச் சொல்ல வேண்டுமே! தன் வாழ்நாளில் எடுத்த மிகக் கடினமான முடிவு என்று பின்னாளில் அவரே எழுதினார். இறக்கும்போது வடம் அறுந்து ஒரு பீரங்கி சரிந்தது. தோ வின் தியன் என்ற வீரர் சக்கரத்துக்குத் தன் உடம்பையே கட்டையாகக் கொடுத்து உயிர்விட்டார். அப்புறம் பொறுமையாகப் பதுங்குகுழி வெட்டினார்கள், சைக்கிளில் அரிசி மூட்டைகளைக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மார்ச் 13-இல் தொடங்கிய போர் மே 7-இல் முடிந்தது. 56 நாள். அம்மி நகர்ந்தது.

சரி, வடம் இழுத்த அந்த விவசாயிக்கு இது என் நாடு என்ற எண்ணம் எப்படி வந்தது? இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. 1945 செப்டம்பர் 2-இல் ஹோ சி மின் சுதந்திரப் பிரகடனம் வாசித்தார். கொடிய பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்திருந்த நேரம். கஜானா காலி. ஆனாலும் ஆறே நாளில், செப்டம்பர் 8-இல், எல்லோருக்கும் எழுத்தறிவு என்று ஆணை போட்டார். பசி, அறியாமை, அந்நியர் என்று எதிரிகளை மூன்றாக எண்ணியவர் அவர். மனைவிக்குத் தெரியாவிட்டால் கணவன் சொல்லிக்கொடு, பெற்றோருக்குத் தெரியாவிட்டால் பிள்ளை சொல்லிக்கொடு என்று அறைகூவினார். ராத்திரி வகுப்பில் பாட்டிமார் எழுத்துப் பழகினார்கள். ஆங்கில O போன்ற ஒரு எழுத்து கோழிமுட்டை மாதிரி. அதற்குத் தொப்பி போட்டால் வேறு எழுத்து, தாடி வைத்தால் இன்னொன்று. சந்தை வாசலில் ஒரு சொல்லை வாசித்தால்தான் நேர் வழி. வாசிக்காதவர்களைச் சேற்று வழியில் அனுப்பியது எனக்கு உடன்பாடில்லை, படிக்காதவரை அவமானப்படுத்தக் கூடாது. ஆனால் ஒரே ஆண்டில் சுமார் 25 லட்சம் பேர் எழுத்தறிந்தார்கள் என்கிறது அவர்கள் அரசுக் கணக்கு.

அவர் ஆட்சியில் எல்லாமே சரி என்று சொல்ல மாட்டேன். நிலச் சீர்திருத்தத்தில் அநியாயமாகப் பலர் கொல்லப்பட்டார்கள். 1956-இல் அந்த அரசே தவற்றை ஒப்புக்கொண்டது.

நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. நுயென் தி பின் அம்மையார் அமெரிக்காவுடனான போர் முடிந்ததும் கல்வி அமைச்சரானார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மற்ற இருவரைப் பற்றி இன்னொரு மேடையில்.

நகர்மன்றத் தலைவர் அம்மா, இந்த நூலகத்தின் பின்கட்டு அறை மாலை ஆறு மணிக்கு மேல் பூட்டிக் கிடக்கிறது. அதில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடத்த மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு டியூப்லைட், ஒரு கரும்பலகை, ஒரு சாவி போதும். ஆசிரியர்களுக்குச் சம்பளம் வேண்டாம். இன்றைக்கும் கேட்கிறோம், அடுத்த மாதமும் கேட்போம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாத தாய்மார்கள் யாரும் கைநாட்டு வைக்க வேண்டாம். பெயரைச் சொல்லுங்கள். அங்கே இரண்டு டீச்சர்கள் சிலேட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் எழுத்தைப் பழகிக்கொண்டு, அதைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.