கழற்றிப் பூட்டும் கார்: பழைய கிட் காரை நம் கடற்கரையில் காட்சிக்கு வைத்தால்…

[காட்சி: மண்டபம் கடற்கரை. கரையேற்றிய ஃபைபர் வள்ளங்கள். ஒரு வள்ளத்தின் உடைந்த விளிம்பில் கண்ணாடி இழை வெளியே தெரிகிறது.]

இந்த வள்ளம் எதில் செய்தது என்று மண்டபம், பாம்பன் பக்கம் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் ‘ஃபைபர்’ என்று உடனே சொல்லிவிடும். 1964-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா கடற்கரையில் ஒருவர் இதே ஃபைபரில் ஒரு கார் செய்தார். அவர் பெயர் புரூஸ் மேயர்ஸ். ஃபைபர் பாய்மரப் படகு கட்டும் பட்டறையில் கை பழகியவர். மணலில் ஓட்ட ஒரு வண்டி வேண்டும் என்று ஆசைப்பட்டார். படகு கட்டத் தெரிந்த கையால் அதையும் கட்டிவிட்டார். அதுதான் மேயர்ஸ் மாங்க்ஸ்.

அப்படி ஒரு பழைய கார் நம் ராமநாதபுரம் கடற்கரைக்கு வருகிறது, மண்டபத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் அதை வைக்கப்போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படி வைப்பது? கயிறு கட்டி, ‘தொடாதீர்கள்’ என்று பலகை மாட்டுவது சுலபம். வருகிறவர்கள் கையால் தூக்கி, சுழற்றி, கழற்றிப் பூட்டிப் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

[காட்சி: கோட்டோவியம். பழைய பீட்டில் கார், மேல்கூடு தனியாக, அடித்தளம் தனியாக.]

முதலில், கிட் கார் என்றால் என்ன? முழுக் காராக வாங்காமல், பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்வது. இங்கிலாந்தில் இது ஓஹோவென்று நடந்ததற்கு வரியும் ஒரு காரணம். முழுக் காருக்கு அன்று அங்கே கொள்முதல் வரி இருந்தது, பாகங்களாக வாங்கினால் இல்லை. 1957-இல் வந்த லோட்டஸ் செவன் அப்படித்தான் பல வீட்டு ஷெட்டுகளில் உருவானது. 1973-இல் வரி முறை மாறியதும் அந்தச் சலுகை போய்விட்டது.

மேயர்ஸின் வழி வேறு. அன்றைக்கு அமெரிக்காவில் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் மலிவாகக் கிடைத்தது. அதன் மேல்கூட்டைக் கழற்றிப் போட்டுவிட வேண்டும். அடித்தளத்தைச் சுமார் 14 அங்குலம் வெட்டிக் குறுக்கி, மறுபடி வெல்டிங் வைக்க வேண்டும். அதன் மேல் மேயர்ஸ் அனுப்பும் ஃபைபர் கூட்டை உட்கார வைத்து போல்ட் போட்டால் கார் தயார். இன்ஜின், கியர், பிரேக் எல்லாம் பீட்டிலுடையவை.

மணலில் இது ஏன் அவ்வளவு நன்றாக ஓடியது? பீட்டிலின் இன்ஜின் பின்னால் இருக்கிறது, வண்டியை உந்துவதும் பின்சக்கரம்தான். இன்ஜினின் எடை அந்தச் சக்கரங்களையே அழுத்துவதால் பிடிமானம் கிடைக்கிறது. காற்றாலேயே குளிரும் இன்ஜின் என்பதால் ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கொதிக்கும் பயமும் கிடையாது. மேல்கூடும் எடை குறைந்தது. 1967-இல் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில், லா பாஸிலிருந்து டிஹுவானா வரை, மேயர்ஸும் ஒரு நண்பரும் இந்தக் காரில் 34 மணி 45 நிமிடத்தில் ஓட்டி முடித்தார்கள். அதுவரை அந்தத் தடத்தில் மோட்டார் சைக்கிள்கள் வைத்திருந்த சாதனை அதோடு போனது.

நம் ஊருக்கும் மணலில் வண்டி ஓட்டிய அனுபவம் உண்டு. 2017-இல் தனுஷ்கோடியின் கோடியில் இருக்கும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வருவதற்கு முன், முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் மணலும் தண்ணீரும்தான். வேன்களும் ஜீப்புகளும் அதில் ஆட்டம்போட்டுக்கொண்டு தனுஷ்கோடிக்குப் போய்வந்தன. அந்த வேன்களை ஓட்டியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்தக் காட்சிக்கூடத்தில் விளக்கம் சொல்ல அவர்களைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை.

[காட்சி: கூடத்தின் வரைபடம். நடுவில் செயின் பிளாக்.]

சரி, கூடத்துக்குள் வருவோம். நடுவில் ஒரு செயின் பிளாக், சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவி. அதில் கார்க் கூடு தொங்குகிறது, கீழே அடித்தளம். சங்கிலியை இழுத்தால் கூடு மெல்ல இறங்கி அடித்தளத்தில் உட்காரும். போல்ட் துளைகள் நேராக வருகின்றனவா என்று பிள்ளைகள் குனிந்து பார்க்க வேண்டும். சரியாக உட்காராவிட்டால் தூக்கி மறுபடி இறக்க வேண்டும். ஒரு கிட் காரில் உள்ள சுகமே இதுதான். இதைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டு, பக்கத்தில் பத்து வரி எழுதிப் புரிய வைக்க முடியாது. கூடு இறங்கும் இடத்தில் கை சிக்காமலிருக்க, ஓர் அளவுக்கு மேல் இறங்காதபடி தடுப்புக் கட்டையும், எப்போதும் பக்கத்தில் ஓர் ஆளும் வேண்டும். இதில் சமரசம் கூடாது.

அதற்கு அடுத்து, குறுக்கே அறுத்துத் திறந்த ஒரு பீட்டில் இன்ஜின். கைப்பிடியைச் சுற்றினால், எதிரெதிரே படுத்திருக்கும் நான்கு பிஸ்டன்களும் ஓடுவது தெரியும்.

பக்கத்தில் ஒரு மணல் தொட்டி, அதில் ஒரே மாதிரி இரண்டு சின்ன வண்டிகள். ஒன்றில் எடை முன்னால், மற்றதில் பின்னால், இரண்டுக்கும் பின்சக்கரம்தான் சுழலும். எது புதைகிறது, எது ஏறிப் போகிறது என்று அவரவர் ஓட்டிப் பார்க்கட்டும். அரிச்சல்முனை மணலையே அள்ளி வந்து போட ஆசைதான். ஆனால் அதில் உப்பு இருக்கும். கூடத்துக்குள் வேண்டாம், நன்றாகக் கழுவிய ஆற்று மணல் போதும்.

உப்பு என்றதும் கவலையான விஷயத்துக்கு வந்துவிட்டோம்.

[காட்சி: பாம்பன் பாலங்கள். பழைய இரும்புக் கிராதியில் துரு.]

1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிடமிருந்து காப்பதே தலைமுறைகளாக ஒரு தனி வேலையாக இருந்தது. 2025-இல் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் விசேஷப் பூச்சும் போட்டிருப்பது இந்தக் காற்றுக்குப் பயந்துதான். நம் சமையலறை உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டினால் கசியும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரமே நனையும். இரும்பின் மேல் படிந்த உப்புத்தூள் அப்படி நனைந்தால் துரு தொடங்கிவிடும்.

மாங்க்ஸில் ஃபைபர் கூட்டுக்கு இந்தப் பயம் இல்லை. ஆபத்து கீழே இருக்கிறது. அடித்தளம் எஃகுத் தகடு. இன்ஜினின் உறையோ மக்னீசியம் கலந்த உலோகம், உப்புக்கு இரும்பைவிட மோசமாக ஈடுகொடுக்கும். கை வியர்வையிலும் உப்பு இருக்கிறது. ஆகவே அசல் காரை யாரும் தொடக் கூடாது, தொடுவதற்கெல்லாம் நகல். சங்கிலியில் தொங்கும் கூடும் அடித்தளமும் நகல்கள், அறுத்த இன்ஜின் எங்கோ பழுதாகிக் கிடந்த ஒன்று. அசல் கார் பக்கத்திலேயே, நன்றாக அடைத்த கண்ணாடி அறையில், ஸ்டாண்டின் மேல், டயர் தரையில் படாமல் நிற்கும். பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, பேட்டரியையும் எடுத்துவிட வேண்டும்.

ஏசி போட்டால் ஆயிற்றே என்பீர்கள். பகலில் ஏசி, இரவில் நிறுத்தம், நடுவில் மின்வெட்டு என்று ஓடினால், குளிர்ந்த உலோகத்தின் மேல் ஈரக்காற்று பட்டு வியர்த்துவிடும். அதற்கு ஏசி இல்லாமலே இருக்கலாம். காற்றுப் புகாத அறையும், அதற்குள் தட்டுத் தட்டாக சிலிக்கா ஜெல்லும், ஓர் ஈரப்பதமானியும் போதும். ஜெல் ஈரத்தை உறிஞ்சி நிறைந்ததும் எடுத்துச் சூடாக்கி உலர்த்தினால் மறுபடி பயன்படும். கரண்டை நம்பாத ஏற்பாடு இது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஜெல்லை அடிக்கடி பார்க்க ஓர் ஆள் இருந்தால் சரி.

[காட்சி: படகுப் பட்டறை. மோல்டில் ரெசின் தடவும் கைகள்.]

நகல் கூட்டை எங்கே செய்வது? இங்கேயேதான். மோல்டுக்கு, அதாவது வார்ப்பு அச்சுக்கு, வேக்ஸ் தடவி, ஜெல்கோட் என்ற மேற்பூச்சு அடித்து, ஃபைபர் மேட் விரித்து, ஹார்டனர் கலந்த ரெசினை உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழை வெளியேற்றும் வேலை வள்ளம் கட்டுகிறவர்களுக்கு மனப்பாடம். முடிந்த ஒரு கூட்டிலிருந்தே புது மோல்டு எடுக்கலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். மேயர்ஸைக் கவிழ்த்ததும் அதுதான். அவர் காரிலிருந்து மோல்டு எடுத்து ஆளாளுக்கு நகல் விற்றார்கள். வழக்குப் போட்டார், காப்புரிமை நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் கம்பெனி மூடப்பட்டது. கூடத்தில் இந்தக் கதைக்கு ஒரு சுவர் முழுவதும் ஒதுக்குவேன். தன் மோல்டைப் பக்கத்துப் பட்டறை எடுத்துக்கொண்ட வலி தெரிந்தவர்கள் அதன் முன்னால் நின்று படிப்பார்கள்.

நம் நகலை உரியவர்களிடம் கேட்டு, அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும். அதை ‘நகல்’ என்று பெரிய எழுத்தில் எழுதி, கட்டியவர்களின் பெயரையும் அதிலேயே பொறிக்க வேண்டும். பிள்ளைகள் இழுத்து இழுத்து அதன் போல்ட் துளைகள் தேயும், விளிம்பு உடையும். அப்போது அதே பட்டறை ஆட்களைக் கூடத்துக்கே அழைத்து, திறந்த முற்றத்தில், ரெசின் நெடி அண்டாத தூரத்தில் ஜனங்களை நிறுத்தி, அடுத்த கூட்டை வார்க்கச் சொல்லலாம். மோல்டு மட்டும் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கட்டும்.